பன்னிரண்டரை மணிச் சாப்பாடு

தீம் பார்க்குக்கு இரண்டு நாள் போய்வர எங்கள் வீட்டில் போட்ட திட்டம் மற்ற வீடுகளில் போடுகிற திட்டம் போல இருக்கவில்லை. எந்த ராட்டினத்தில் முதலில் ஏறுவது, எந்தச் சறுக்கில் முதலில் சறுக்குவது என்று யாரும் பேசவில்லை. எத்தனை மணிக்குச் சாப்பிடுவது என்று மட்டும்தான் பேசினார்கள். அதையும் பதினைந்து நாள் பேசினார்கள்.

காரணம் என் தம்பி. அவனுக்கு அப்போது இரண்டரை வயது. முந்தைய வருடம் ஒரு வாரம் ஓயாமல் தண்ணீர் குடித்து, ஓயாமல் படுக்கையை நனைத்து, கடைசியில் மூச்சு வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுதான் அவனுக்குச் சர்க்கரை என்று தெரிந்தது. திருப்பூர் நல்லூரில் எங்கள் தெருவில் யாரும் அதை நம்பவில்லை. "இத்தினியூண்டு கொழந்தைக்கா?" என்று கேட்டுவிட்டு, அம்மா எதையோ தப்பாக ஊட்டிவிட்டாள் என்பதுபோல் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்கள்.

மூன்று வேளையும் அவன் விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்து மெஷினில் பார்க்க வேண்டும். பிறகு தொடையில் ஊசி. ஊசி போட்டு அரைமணி நேரத்துக்குள் சோறு உள்ளே போயாக வேண்டும். போகாவிட்டால் சர்க்கரை கிடுகிடுவென்று இறங்கிவிடும், பிள்ளை மயங்கிவிடுவான், அப்புறம் எழுப்புவது கஷ்டம் என்று டாக்டர் சொன்னபோது நான் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றிருந்தேன். எனக்கு ஒன்பது வயது. டாக்டர் சொன்னதைவிட, அதைக் கேட்டு அம்மா ஒரு கேள்வியும் கேட்காமல் இருந்ததுதான் எனக்கு நினைவிருக்கிறது.

அதற்குப் பிறகு ஒரு வருடம் அம்மா எங்கேயும் போகவில்லை. கல்யாணம், காதுகுத்து, கோயில் நோம்பி என்று எது வந்தாலும் அப்பாவும் நானும் போவோம். அம்மா தம்பியோடு வீட்டில் இருப்பாள். கல்யாண வீட்டில் எத்தனை மணிக்கு இலை போடுவார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது அல்லவா. சொந்தக்காரர்களும் மெல்ல மெல்ல அவளைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். "அவங்களுக்கு எதுக்குச் செரமம்" என்று இரக்கத்தோடுதான் நிறுத்தினார்கள்.

அப்படிப்பட்ட அம்மாதான் அந்தத் தீபாவளி லீவில் தீம் பார்க் போகலாம் என்றாள். தீபாவளிக்கு எங்கள் ஊர்க் கம்பெனிகள் எல்லாம் ஒரு வாரம் மூடிவிடும். அப்பா பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர். தையல் லைன் ஒன்று முழுக்க அவர் பொறுப்பு. லீவு விட்டால் மூன்று நாள் தூங்குவது என்று வைத்திருந்தவர், அம்மா சொன்னதைக் கேட்டு எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"அங்க சோத்துக்கு என்ன பண்றது?" என்று மட்டும் கேட்டார்.

"அதை நான் பாத்துக்கறனுங்க" என்றாள் அம்மா.

அவள் பார்த்துக்கொண்ட விதம் இதுதான். தம்பிக்கு நோய் வருமுன் அம்மாவும் அதே கம்பெனியில் செக்கிங்கில் இருந்தவள். தைத்து முடித்த பனியனைக் கையில் விரித்ததும் ஊசி முனை அளவு ஓட்டை இருந்தால்கூட அவள் கண்ணுக்குத் தப்பாது. அந்தக் கண்ணைத் திட்டத்தின் மேல் வைத்தாள். பனியன் பெட்டியின் அட்டையைக் கிழித்து, அதில் கோடு போட்டு, இரண்டு நாளின் சாப்பாட்டு நேரங்களையும் எழுதினாள். ஏழே முக்காலுக்கு இட்லி. பத்தேகாலுக்கு பிஸ்கட். பன்னிரண்டே காலுக்கு ஊசி, பன்னிரண்டரைக்குச் சாப்பாடு. நாலரைக்கு மறுபடி சிறுதீனி. பார்க்குக்கு மூன்று முறை போன் போட்டாள். "ஏனுங்க, மத்தியானச் சாப்பாடு கரெக்டா எத்தனை மணிக்குங்க ரெடியாகும்?" என்று அவள் கேட்பதும், பன்னிரண்டு மணிக்கு என்று அங்கிருந்து ஒரு பெண் சொல்வதும், "பன்னெண்டுன்னா பன்னெண்டுதானுங்களே?" என்று அம்மா திரும்பக் கேட்பதும் எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. குழந்தைகள் குளத்திலிருந்து சாப்பாட்டுக் கூடத்துக்கு ஆறு நிமிட நடை என்பதை, அங்கே போய்வந்த எதிர்வீட்டுக் கல்லூரி அக்காவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாள். அப்பா அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு, "ஷிப்மென்ட் பிளான்கூட நாங்க இப்படிப் போடறதில்ல" என்றார்.

எங்களோடு சித்தியும் சித்தப்பாவும் வருவதாக இருந்தது. சித்தப்பா திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். தையலுக்கு வந்து இங்கேயே தங்கியவர். அவர்களுக்கு ஒரு பாப்பா, தம்பியைவிட ஐந்து மாதம் சின்னவள். அட்டையில் ஒரு சிக்கல் அவளால் வந்தது. பாப்பாவுக்குப் பசித்தபோதெல்லாம் சாப்பிட்டுப் பழக்கம். அவள் சாப்பிடுவதைப் பார்த்தால் தம்பியும் கேட்டு அழுவான். ஆகவே அந்த இரண்டு நாளும் பாப்பாவும் அட்டைப்படிதான் சாப்பிட வேண்டும் என்று அம்மா சித்தியிடம் கேட்டுக்கொண்டாள். சித்தி சரி என்றாள். ஆனால் சொன்ன விதத்தில் சரி இல்லை.

புறப்படும் காலையில் அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, மஞ்சள் நிறத்தில் ஒரு இடுப்புப் பையை என் இடுப்பில் கட்டிவிட்டாள். அதற்குள் ஸ்ட்ரா ஒட்டிய சின்ன ஜூஸ் டப்பா ஒன்று. இன்னொன்று அவளுடைய மருந்துப் பையில்.

"கண்ணு, இது தம்பிக்கு. அவன் மயங்கற மாதிரி இருந்தா நான் கேப்பேன், அப்பத்தான் எடுக்கோணும். யாரு கேட்டாலும் குடுக்கக் கூடாது. என்ன?"

நான் தலையாட்டினேன். அந்தப் பை எனக்குப் பெருமையாக இருந்தது.

காலைச் சாப்பாடு அட்டைப்படி நடந்தது. வேனை ரோட்டோர ஹோட்டலில் நிறுத்தினோம். உட்கார்ந்து நாலாவது நிமிடம் இட்லி வந்தது. தம்பி இரண்டரை இட்லி தின்றான். அப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு அம்மாவைப் பார்த்துச் சிரித்தார். ஒரு வருடமாக அவர்கள் இருவரும் அப்படிச் சிரித்துக்கொண்டதை நான் பார்த்ததில்லை.

பார்க்கின் வாசலில் முதல் ஓட்டை விழுந்தது. வெளிச் சாப்பாடு உள்ளே விடமாட்டோம் என்று வாசலில் நின்றவர் பையைப் பிரித்தார். தம்பிக்கென்று அம்மா கட்டிக்கொண்டு வந்த தயிர்சாதத்தை வெளியே எடுத்து வைத்தார். போனில் விடுவதாகச் சொன்னார்கள் என்று அம்மா சொன்னாள். அப்படி யாரும் தனக்குச் சொல்லவில்லை என்றார் அவர். டாக்டர் சீட்டைக் காட்டியதும் மருந்தையும் பிஸ்கட்டையும் ஜூஸையும் விட்டுவிட்டார். சாதத்தை மட்டும் விடவில்லை. அப்பா குரலை உயர்த்தினார். பின்னால் வரிசை நீண்டுகொண்டே போனது.

"மதினி, நீங்க வெசனப்படாதிய. உள்ள சோறு இல்லாமலா இருக்கும்? நா பாத்துக்கிடுதேன்" என்றார் சித்தப்பா.

அம்மா கடிகாரத்தைப் பார்த்தாள். வாசலில் நின்று சண்டை போட்டால் பத்தேகால் பிஸ்கட் தள்ளிப்போகும். "விடுங்க. உள்ள பன்னெண்டுக்கே ரெடின்னு மூணு தடவ சொல்லியிருக்கறாங்க" என்று அப்பாவின் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். சாத டப்பாவுக்கு ஒரு நம்பர் சீட்டு ஒட்டி வாசலிலேயே வைத்துக்கொண்டார்கள்.

உள்ளே திருப்பூரே இருந்தது. அப்பாவின் லைனில் தைக்கிற நாலைந்து பேர் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். "சார், நீங்களுமா?" என்று கூச்சத்தோடு சிரித்தார்கள். வடக்கத்திப் பையன்கள் கூட்டம் கூட்டமாக அரைக்கால் சட்டையில் ஓடினார்கள். குழந்தைகள் குளத்தில் முழங்கால் அளவுதான் தண்ணீர். நடுவில் குடை மாதிரி ஒன்றிலிருந்து மழை கொட்டும். தம்பி அதற்கடியில் நின்றுகொண்டு வாயைத் திறந்து வானத்தைப் பார்த்துச் சிரித்தான். அவனுக்கு அவ்வளவு பெரிய சத்தத்தில் சிரிக்கத் தெரியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். அம்மா சேலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிக்கொண்டு கரையில் உட்கார்ந்திருந்தாள். கண் அவன் மேல், அவனை விட்டால் கடிகாரத்தின் மேல்.

பத்தேகால் பிஸ்கட்டை அவன் தொடவில்லை. தண்ணீரை விட்டு வரவே மாட்டேன் என்று காலை உதறினான். பாதி பிஸ்கட்டை வாயில் திணித்தால் அதைத் துப்பினான். கடைசியில் அம்மா தன் பையிலிருந்த ஜூஸைப் பிரித்துக் கொடுத்தாள். அதை ஒரே மூச்சில் உறிஞ்சிவிட்டு மறுபடி குடைக்கடியில் ஓடினான். மிச்சம் என் இடுப்பில் இருந்த ஒன்றுதான்.

சரியாகப் பன்னிரண்டே காலுக்குக் கரையில் துண்டை மறைப்பாகப் பிடித்துக்கொண்டு அம்மா விரலில் குத்திப் பார்த்தாள், ஊசி போட்டாள். அவன் கதறினான். பிறகு எல்லோரும் நடந்தோம். ஆறு நிமிடம் என்று சொன்னது ஆறு நிமிடம்தான் ஆனது.

கூடத்தின் வாசலுக்கு வந்ததும் அம்மாவின் நடை நின்றது. உள்ளே மேசை தெரியவில்லை, தலைகள்தான் தெரிந்தன. முதலில் ஒரு வரிசையில் நின்று டோக்கன் வாங்க வேண்டும். பிறகு இன்னொரு வரிசையில் நின்று டோக்கனைக் கொடுத்துத் தட்டு வாங்க வேண்டும். டோக்கன் வரிசை வாசலைத் தாண்டி வெயிலுக்கு வந்திருந்தது. அப்பாவும் சித்தப்பாவும் ஆளுக்கொரு வரிசையாகப் பிரிந்து ஓடினார்கள். அம்மா தம்பியைத் தூக்கிக்கொண்டு உட்கார இடம் தேடி உள்ளே போனாள். சித்தி ஈரத்துணி மாற்றப் போகிறேன் என்று பாப்பாவை என்னிடம் விட்டுவிட்டுப் போனாள். நானும் பாப்பாவும் வாசலோரம் இருந்த சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்தோம்.

பாப்பா அழுதாள். காலையிலிருந்து அவள் அட்டைப்படி நடத்தப்பட்ட பிள்ளை. பதினொரு மணிக்கே பசிக்கிறது என்று சொல்லி, தம்பி பார்ப்பான் என்பதற்காக அடக்கப்பட்டவள். இப்போது அடக்க யாரும் இல்லை. தரையில் விழுந்து புரண்டு அழுதாள். போகிறவர்கள் எல்லாம் நின்று என்னைப் பார்த்தார்கள். ஒரு அம்மாள், "ஏம்மா, கொழந்தைய அடிச்சியா?" என்று கேட்டார். நான் தூக்கப் பார்த்தேன், அவள் என் கையைக் கடித்தாள். எனக்கும் அழுகை வந்தது. அப்போது அவள் கண் என் இடுப்புப் பையில் விழுந்தது. காலையில் நான் அதைத் திறந்து ஜூஸைக் காட்டிப் பெருமையடித்திருந்தேன்.

யாருக்கும் கொடுக்கக் கூடாது என்று அம்மா சொன்னது நினைவில்லாமல் இல்லை. ஆனால் அட்டையில் பன்னிரண்டரைக்குச் சாப்பாடு என்று எழுதியிருந்தது. கூடத்துக் கடிகாரம் பன்னிரண்டு இருபத்தாறு காட்டியது. அம்மாவின் அட்டை தப்பாகாது. இன்னும் நாலு நிமிடத்தில் தம்பி சோறு தின்னப் போகிறான், அப்புறம் இந்த ஜூஸ் எதற்கு? அப்படித்தான் கணக்குப் போட்டேன். ஸ்ட்ராவைக் குத்திக் கொடுத்தேன். பாப்பாவின் அழுகை அறுத்தாற்போல் நின்றது. குடித்து முடித்ததும் நசுங்கிய டப்பாவைக் கீழே போடக் கூடாது என்று பள்ளியில் சொல்லித் தந்தபடி திரும்பப் பைக்குள்ளேயே போட்டு ஜிப்பை இழுத்துவிட்டேன்.

பன்னிரண்டரை ஆனது. பன்னிரண்டு நாற்பது ஆனது.

சித்தி வந்ததும் நாங்கள் உள்ளே போனோம். அம்மா மூலையில் ஒரு மேசையில் பாதி இடம் பிடித்திருந்தாள். மறுபாதியில் இந்தி பேசும் குடும்பம் ஒன்று சாப்பிட்டுக்கொண்டிருந்தது. அப்பா டோக்கனோடு தட்டு வாங்கும் இடத்தில் நின்றிருந்தார். சாதம் தீர்ந்துவிட்டது, அடுத்த உலை இறங்க இன்னும் இருபது நிமிடம் ஆகும் என்று அங்கே சொல்லிவிட்டார்கள். அறுபது பேர் இருக்கிற லைனை ஒரு குரலில் ஓட்டுகிற அப்பா அங்கே ஒரு கரண்டி தயிர்சாதத்துக்காகக் கையை நீட்டிக்கொண்டு நின்றார். "சின்னக் கொழந்தைங்க, ஊசி போட்டிருக்குதுங்க, எது இருந்தாலும் குடுங்க" என்று அவர் சொல்வது எங்கள் மேசை வரை கேட்டது. எல்லார் வீட்டிலும் குழந்தை இருக்கிறது என்று யாரோ வரிசையிலிருந்து கத்தினார்கள்.

அம்மா பிஸ்கட்டை நீட்டினாள். தம்பி தட்டிவிட்டான். மறுபடி நீட்டினாள். அவன் அவள் கையை அடித்துவிட்டு அழுதான். அதுவரை அது சாதாரணப் பிடிவாதம் போலத்தான் இருந்தது. பிறகு அழுகை சட்டென்று நின்றது. நான் நிம்மதியாகப் பார்த்தேன். அம்மா நிம்மதியாகப் பார்க்கவில்லை. அவன் நெற்றியில் கை வைத்தாள். அவன் முடியெல்லாம் ஈரமாக இருந்தது. குளத்துத் தண்ணீர் எப்போதோ காய்ந்துவிட்டிருந்தது. அது வியர்வை. அவன் தலை அம்மாவின் தோளில் சாய்ந்தது. கண் திறந்தபடி இருந்தது, ஆனால் எங்களைப் பார்க்கவில்லை. உதடு வெளுத்திருந்தது.

"கண்ணு, ஜூஸை எடு."

நான் அசையவில்லை.

"எடு!"

என் கை ஜிப்புக்குப் போகவில்லை. அம்மாவே இழுத்துத் திறந்தாள். நசுங்கிய டப்பாவும் கடிபட்ட ஸ்ட்ராவும் அவள் கையில் வந்தன. அதைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். அந்த ஒரு பார்வையில் திட்டும் இல்லை, கேள்வியும் இல்லை. நேரம் இல்லாதவள் பார்க்கிற பார்வை அது. டப்பாவைத் திரும்பப் பைக்குள் போட்டுவிட்டு எழுந்தாள்.

அடுத்து நடந்ததை இன்றைக்கும் என்னால் அப்படியே காண முடிகிறது. அம்மா அடுத்தவர் வீட்டில் தண்ணீர் குடிக்கக்கூட மூன்று முறை 'இருக்கட்டுங்க' சொல்கிறவள். அவள் ஒரு வார்த்தை பேசாமல், எதிரே உட்கார்ந்திருந்த வடக்கத்திப் பெண்ணின் முன்னாலிருந்து குலாப் ஜாமூன் கிண்ணத்தைப் பிடுங்கினாள். பாதி தின்ற கிண்ணம். பாகில் விரலைத் தோய்த்துத் தம்பியின் கன்னத்துக்கு உள்ளே தடவினாள். மறுபடி தோய்த்துத் தடவினாள். "முழுங்கு தங்கம், முழுங்கு சாமி" என்று காதுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தாள். அந்தப் பெண்ணின் கணவர் கோபமாக எழுந்தார். அந்தப் பெண் அவர் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தாள். தம்பியின் முகத்தை எட்டிப் பார்த்துவிட்டு, தன் பிள்ளையின் கிண்ணத்தையும் எடுத்து எங்கள் பக்கம் தள்ளினாள். "லோ, தீதி, லோ" என்றாள், எடுத்துக்கோ அக்கா என்று.

தம்பியின் தொண்டை ஒருமுறை அசைந்தது. அம்மா மறுபடி தோய்த்தாள். சித்தி பாப்பாவை இறுக்கிக்கொண்டு அழுதாள். அப்பா எங்கிருந்தோ கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து, என்ன செய்வதென்று தெரியாமல் தம்பியின் பாதங்களைப் பிடித்துத் தேய்த்தார். நான் மேசைக்காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இறந்துவிடுவானா என்று யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை. கேட்டால் ஜூஸைப் பற்றிக் கேட்பார்கள்.

எத்தனை நேரம் என்று தெரியாது. தம்பி நாக்கை நீட்டி அம்மாவின் விரலைத் தானாக நக்கினான். பிறகு ஜாமூனைக் கடித்தான். இரண்டாவதைக் கேட்டான். கொஞ்ச நேரத்தில் அம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்து, "கொட மழ" என்றான். குடை மழைக்கடியில் மறுபடி போக வேண்டுமாம்.

சித்தப்பா எப்படியோ உள்ளேயே புகுந்து ஒரு தட்டுச் சோறு வாங்கிக்கொண்டு வந்தார். சட்டைப் பொத்தான் ஒன்று அறுந்திருந்தது. அம்மா ஊட்டினாள். அப்பா டாக்டருக்குப் போன் போட்டார். இப்போதும், கால்மணி கழித்தும் குத்திப் பார்க்கச் சொன்னார் டாக்டர். இரண்டு முறையும் நம்பர் ஏறியிருந்தது. மறுபடி கூப்பிட்டுச் சொன்னதும், இனிப் பயமில்லை, சாப்பிட்டபின் விளையாடட்டும், பக்கத்தில் இனிப்பு மட்டும் இருக்கட்டும் என்றார்.

போனை வைத்ததும் அப்பா, "போதும். ஊட்டுக்குப் போலாம்" என்றார்.

யாரும் மறுக்க மாட்டார்கள் என்றுதான் நானும் நினைத்தேன். எனக்கும் உடனே வீட்டுக்குப் போக வேண்டும். அங்கே இருக்கும் ஒவ்வொரு நிமிடமும் யாராவது அந்தப் பையைத் திறந்துவிடுவார்கள் என்று பயம். சித்தி பையில் துணிகளைத் திணிக்க ஆரம்பித்துவிட்டாள். "இந்தப் பையன வெச்சுட்டு எதுக்குக்கா நமக்கு இதெல்லாம்? ஊட்லயே நிம்மதியா இருந்திருக்கலாமல்ல" என்றாள். மோசமாகச் சொல்லவில்லை. அழுத குரலில் அன்பாகத்தான் சொன்னாள்.

அம்மா தம்பியின் வாயைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"போறதில்லீங்க" என்றாள்.

"உனக்கென்ன கிறுக்குப் புடிச்சிருக்குதா? இப்பத்தான் உசுரு போய் வந்துருக்குது!"

"சாயந்தரம் வரைக்கும் இருக்கோணுமுங்க. நாளைக்கும் வரோணும். ரெண்டு நாளுன்னுதானே சொல்லிட்டு வந்தோம்."

அப்பா அவளைக் கையெடுத்துக் கும்பிடாத குறையாகக் கேட்டுப் பார்த்தார். பிறகு கத்தினார். அத்தனை பேர் முன்னால், அவருடைய லைன் ஆட்கள் இரண்டு பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது கத்தினார். நேரம் போட்டு எழுதி என்ன ஆனது, இதற்குத்தானா மூன்று முறை போன், என்று கேட்டார். அம்மா மடியிலிருந்த அட்டையை எடுத்தாள். மருந்துப் பையிலிருந்து பேனா எடுத்து, 'பன்னிரண்டே கால் ஊசி' என்பதை அடித்தாள். மறுநாளுக்கு எழுதியிருந்ததையும் அடித்தாள். 'சோறு மேசைக்கு வந்தபின் ஊசி' என்று பெரிதாக எழுதினாள். எழுதி முடித்து அட்டையை அப்பாவிடம் கொடுத்துவிட்டு, தம்பியைத் தூக்கிக்கொண்டு குளத்தை நோக்கி நடந்தாள்.

அப்பா அந்த அட்டையை ஒருமுறை படித்துப் பார்த்தார். பிறகு பார்க்கின் வாசலோரக் கடை வரை நடந்து போய் ஆறு ஜூஸ் டப்பாக்கள் வாங்கிக்கொண்டு அவள் பின்னால் போனார்.

எனக்கு அம்மாவின் மேல் கோபம் வந்தது. இதை மறைக்காமல் சொல்ல வேண்டும். என் மேல் வரவேண்டிய கோபமெல்லாம் அவள் மேல் திரும்பிக்கொண்டது. பிள்ளை செத்துப் பிழைத்திருக்கிறான், இவளுக்குத் தீம் பார்க் கேட்கிறதா என்று நினைத்தேன். மற்றவர்களும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். அன்று நாங்கள் வீட்டுக்குத் திரும்பியிருந்தால் தம்பியை அதற்குப் பிறகு யாரும் எங்கேயும் அழைத்துப்போயிருக்க மாட்டார்கள் என்பதும், அதை அந்தக் கூடத்தில் அம்மா ஒருத்திதான் கண்டாள் என்பதும் எனக்கு எட்டவில்லை. தம்பி இப்போது பன்னிரண்டாம் வகுப்பு. சட்டைப் பையில் ஊசி மருந்தை வைத்துக்கொண்டு போன மாதம் நண்பர்களோடு ஊட்டிக்குப் போய்வந்தான்.

மத்தியானம் முழுவதும் அவன் குடைக்கடியில் நின்றான். அம்மா கரையில் உட்கார்ந்திருந்தாள். நான் தள்ளி உட்கார்ந்திருந்தேன். ஒருமுறை என்னைக் கூப்பிட்டாள். போனேன்.

"பாப்பாவுக்குக் குடுத்தியா?"

நான் தலையைக் குனிந்தேன்.

"ரொம்ப அழுதாளா?"

"ஆமா."

"பசிச்சா அழுவாதான்" என்றாள். அவ்வளவுதான். பிறகு கண்ணைத் தம்பியின் மேல் திருப்பிக்கொண்டாள். அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

நாலரைக்கு அதே கூடத்துக்குப் போனோம். கூட்டம் வடிந்திருந்தது. இந்த முறை எதற்கும் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை, இரண்டே நிமிடத்தில் சூடான இட்லி வந்தது. அம்மா விரலில் குத்திப் பார்த்தாள். நம்பர் நன்றாக இருந்தது. தம்பி ஒரு இட்லியை முழுதாகத் தின்றுவிட்டு, இரண்டாவதை அவனே கையால் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டான். பாப்பாவுக்கும் ஒரு துண்டு ஊட்டினான். சித்தப்பா ஏதோ சொல்ல, மத்தியானத்துக்குப் பிறகு அப்பா முதல் முறையாகச் சிரித்தார்.

அம்மா தனக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்ள ஜக்கைத் தூக்கினாள். ஜக்கின் வாய் தம்ளரின் விளிம்பில் மோதி டக டகவென்று சத்தம் வந்தது. தண்ணீர் மேசையில் சிந்தியது. ஜக்கைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் மடிக்குள் ஒளித்துக்கொண்டாள். அவளுடைய தோள்கள்கூட நடுங்கிக்கொண்டிருந்தன. மற்றவர்கள் யாரும் அதைப் பார்க்கவில்லை, எல்லோரும் தம்பி சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான் பார்த்தேன். பாவம், அம்மா இவ்வளவு நேரம் தண்ணீர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாளே, குளிர்கிறது போலிருக்கிறது என்று நினைத்தேன். என் துண்டை எடுத்துப்போய் அவள் தோளில் போர்த்திவிட்டேன். வெளியே சிமென்ட் தரையில் கால் வைக்க முடியாத அளவுக்கு வெயில் அடித்துக்கொண்டிருந்தது.